நெல் மூட்டை அறையில் பதிந்த குரல்

குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று கொழும்பில் டொக்டர் சொன்னபோது, என் கணவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"எப்ப?"

அடுத்த மாதக் கடைசியில் என்றார் டொக்டர். இவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். மற்றக் கேள்விகளையெல்லாம் நான்தான் கேட்டேன். சாப்பிட முடியுமா, மூச்சு எப்படி விடுவது, வீட்டில் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் ஓமந்தையைத் தாண்டினோம். அதற்குப் பிறகு இவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சிலபஸ் முழுக்க ரெக்கோட் பண்ணி வைக்கப் போறன். எங்கட பிள்ளையின்ர பழைய லப்ரொப் கிடக்குதல்லோ, அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

இவர் கிளிநொச்சியில் உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டில் ஒன்று இருக்கிறது. அதுதான் வகுப்பு. பளையிலிருந்தும் வருவார்கள், உடையார்கட்டிலிருந்து பஸ் ஏறியும் வருவார்கள். தகரத்தில் மழை விழும்போதுகூட கடைசி வாங்கில் இருப்பவனுக்கு இவருடைய குரல் கேட்கும். ஒலிவாங்கி வைத்துப் படிப்பிக்கும் ஆசிரியர்களை இவர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பேசுவார்.

தொண்டை அடைத்தபோது கரும்பலகைச் சோக்குத் தூள் என்று நினைத்தோம். கொத்தமல்லி அவித்துக் குடித்தார், ஆவி பிடித்தார். மாதங்கள் போயின. கடைசியில் வவுனியா ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள்.

நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞராக இருக்கிறேன். எனக்குக் கணினியில் தெரிந்தது தட்டச்சும் அச்செடுப்பதும்தான். மகள் வவுனியாவில் வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப்போன மடிக்கணினி அலுமாரிக்குள் கிடந்தது. டவுனில் மேசையில் வைக்கும் சின்ன மைக் ஒன்று வாங்கிவந்தேன். முன் விறாந்தையில் மேசையைப் போட்டு, தேய்மானம் என்ற பாடத்தில் தொடங்கினோம். இவர் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு இருவரும் ஆளுக்கொரு காதில் இயர்போனை வைத்துக் கேட்டோம்.

கிணற்றுக்குள் நின்று யாரோ பேசுவது போல இருந்தது. பின்னால் விடாமல் ஓர் இரைச்சல். குரலில் கரகரப்பு, இடையிடையே வெறும் காற்று. சொற்களின் வால்கள் கேட்கவேயில்லை.

இவர் இயர்போனைக் கழற்றி வைத்தார்.

"இதைக் கேட்டுப் படிச்சா பிள்ளையள் எல்லாம் வேற பாடத்துக்கு மாறிப் போயிடுங்கள்."

"நீங்கள் பேசாமல் இருங்கோ. தொண்டையை வீணாக்க வேண்டாம். என்ன பிழை எண்டு நான் பாக்கிறன்," என்றேன்.

இப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. அந்த நாட்களில் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்பிள், ஹோர்லிக்ஸ் எல்லாம் கொண்டுவந்து, கதிரையில் இருந்து, இவரைப் பார்த்துக் கண்கலங்குவார்கள். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "ஒரு சின்ன வேலை இருக்கு," என்று மடிக்கணினிக்கு முன்னால் போய் இருந்துவிடுவேன். யாரும் தப்பாக நினைக்கவில்லை. சங்கத்து வேலை என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் உதவிக்கு வந்தவர், பக்கத்து ஒழுங்கையில் கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். தன்னுடைய பெரிய மேடை மைக்கைக் கொண்டுவந்தார். அதன் வயரை மடிக்கணினியில் கொழுவ ஒரு சின்ன இணைப்பும் வைத்திருந்தார். பதிந்து பார்த்தோம். முன்னையதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சத்த அளவைக் கூட்டினோம். எண்ணெயில் வெங்காயம் போட்ட மாதிரி ஒரு சீறல்தான் கூடியது.

"அக்கா, மைக்கில ஒரு பிழையும் இல்லை. இது மேடையில சிங்கம். உங்கட கொம்பியூட்டர்தான் இதுக்குக் காணாது," என்றார் அவர்.

இருந்தாலும் மைக்கை விட்டுவிட்டுத்தான் போனார். வேண்டுமென்றால் வைத்துப் பாருங்கோ என்றார்.

மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் வேலையில் இருந்தாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, ரெக்கோட் பண்ண விட்டிட்டு மைக்கை நகத்தால சுரண்டுங்கோ. பிறகு லப்ரொப்பின்ர விளிம்பைச் சுரண்டுங்கோ. எது பெரிசாக் கேக்குதெண்டு பாருங்கோ," என்றாள்.

சுரண்டினேன். திருப்பிப் போட்டுக் கேட்டபோது மைக்கைச் சுரண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மடிக்கணினியின் விளிம்பைச் சுரண்டியது இடி இடித்த மாதிரி விழுந்திருந்தது. நாங்கள் வாங்கிய மைக்கும் வேலை செய்யவில்லை, சிங்கமும் வேலை செய்யவில்லை. மடிக்கணினி தன் உடம்பில் இருக்கும் ஊசித் துளை மைக்கால்தான் இவ்வளவும் கேட்டுப் பதிந்திருக்கிறது. அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே சூட்டைத் தணிக்கும் விசிறி. இரைச்சல் அதனுடையது. இவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் கிணற்றுக் குரல்.

எந்த மைக் என்று தெரிவு செய்கிற இடத்தை மகள் போனிலேயே காட்டித் தந்தாள். மேடை மைக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு நாங்கள் வாங்கியதைக் கொழுவித் தெரிவு செய்தேன்.

"இன்னொண்டு அம்மா. ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துங்கோ. ரெண்டு மூண்டை ஒண்டா மாத்தினா எது சரிவந்ததெண்டு தெரியாமப் போயிடும்."

பரிசோதிப்பதற்கு ஏதாவது பேச வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது இவருக்குப் பிடிக்கவில்லை. ஏ9 வீதியின் ஊர்களைச் சொன்னார். பளை, இயக்கச்சி, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா. குரல் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. இயர்போனுக்குள் இவர் என் தோளுக்கு மேலே குனிந்து பேசுவது போல இருந்தது. இருவரும் சந்தோஷப்பட்டோம்.

குரல் பக்கத்தில் வந்த பிறகுதான், அதற்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருப்பது தெரிந்தது. மின்மாற்றிக்குக் கீழே நின்றால் கேட்குமே, அந்த மாதிரி. மின்விசிறியை நிறுத்தினேன், போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினேன், போகவில்லை. வயரை மாற்றி வேறு பக்கத்தால் இழுத்தேன். அதற்கும் போகவில்லை. இரண்டு நாளாக அதோடு மல்லுக்கட்டினேன்.

ஒரு மத்தியானம் இவர் ஊர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றுவிட்டது. மடிக்கணினி பற்றரியில் ஓடியதால் பதிவு நிற்கவில்லை. கனகராயன்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் நடுவில் கரண்ட் நின்ற இடம், திருப்பிக் கேட்டபோது தெளிவாகத் தெரிந்தது. கனகராயன்குளம் இரைச்சலோடு இருந்தது. புளியங்குளத்தில் இரைச்சல் இல்லை. கரண்ட் வந்ததும், மகள் சொன்னபடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சார்ஜரை மடிக்கணினியில் கொழுவிய கணத்தில் 'ம்ம்ம்' திரும்பி வந்தது. கழற்றினால் போனது.

"சார்ஜரைக் கழட்டிப்போட்டுத்தான் பதிய வேணும்," என்றேன்.

"பற்றரி ஒரு பாடத்துக்கும் நிக்காது."

"நிக்கிற மட்டும் பேசுங்கோ. பிறகு சார்ஜ் ஏறும்வரைக்கும் நீங்களும் சுடுதண்ணி குடிச்சு ஆறியிருங்கோ."

இவர் சிரித்தார். "அப்ப எனக்கும் அதுக்கும் ஒரே பற்றரி."

அதற்குப் பிறகும் பிழைகள் வந்தன. 'ப' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் எல்லாம் காதில் அறைந்தன. பளை, பரந்தன், புளியங்குளம், பற்று, பெறுமானம். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கமாகத் திருப்பி வைத்தபோது அது நின்றது. இவர் குரலை உயர்த்தும் இடங்களில் சத்தம் கிழிந்தது. பழக்கதோஷத்தில் கடைசி வாங்குக்குப் பேசுவது போலத்தான் பேசினார். உள்ளே வரும் அளவைக் குறைத்தேன். அதோடு, மைக்கை மேலும் பெருக்கிக் காட்டும் இன்னொரு வசதி போடப்பட்டிருந்தது. அதையும் நிறுத்தினேன். விறாந்தையின் எதிரொலிக்கு என்ன செய்வதென்று யோசித்து, மேசையை நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குள் கொண்டுபோனோம். மூன்று பக்கமும் மூட்டை. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. வெக்கைதான் தாங்க முடியவில்லை. யன்னலைப் பூட்டினால் வியர்த்து ஊற்றும். திறந்தால் கூரையில் மயில் வந்து அகவும். பூட்டிக்கொண்டே பேசினார். தோளில் ஒரு துவாய் போட்டிருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் குரல் சரியாக இல்லை. வசனங்களின் தொடக்கம் விழுங்கப்பட்டிருந்தது. தண்ணீருக்குள் இருந்து பேசும் மாதிரி சில சொற்கள் குழைந்தன. இவர் மூச்சுவிட நிறுத்தும் இடங்களில் பொருந்தாத ஒரு நிசப்தம். அறையே செத்துப்போனது போல.

அதை மகள்தான் கண்டுபிடித்தாள். ஒரு துண்டை அவளுக்கு அனுப்பியிருந்தேன்.

"அம்மா, இரைச்சலைக் குறைக்கிற ஒண்டு தானாவே ஓடிக்கொண்டிருக்கு. அது தேவையில்லாத சத்தம் எண்டு நினைக்கிறதை எல்லாம் அழிச்சுப்போடும்."

"இரைச்சல்தான் இப்ப இல்லையே. என்னத்தை அழிக்குது?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அப்பாவின்ர தொண்டையில வாற கரகரப்பையும் காத்தையும் இரைச்சல் எண்டு நினைக்குது போல."

அதை நிறுத்தினேன். விழுங்கப்பட்ட சொற்கள் எல்லாம் முழுதாகத் திரும்பி வந்தன. கூடவே கரகரப்பும் வந்தது. முன்னிலும் துலக்கமாக.

நான் விடவில்லை. அதுவும் கருவியின் பிழை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இத்தனை பிழை இருந்ததில் இன்னும் ஒன்று இருக்கக் கூடாதா? வயரை மாற்றினேன். மைக் கொழுவும் துவாரத்தைப் பஞ்சால் துடைத்தேன். ஒலிபெருக்கிக்காரரின் மேடை மைக்கை எடுத்து, இந்த முறை ஒழுங்காகத் தெரிவு செய்து பதிந்தேன். அதே கரகரப்பு. மைக்கைத் தள்ளி வைத்தேன், கிட்ட வைத்தேன். வேலையால் வந்ததும் உடுப்பு மாற்றாமல் அதற்கு முன்னால் இருந்த நாட்களும் உண்டு.

ஒரு பின்னேரம் இவர் குளிக்கப் போயிருந்தார். செய்து பார்க்காத ஒன்று மிச்சமிருந்தது. நெல் மூட்டை அறையில், அதே கதிரையில், அதே மைக்குக்கு முன்னால் இருந்து நானே பேசினேன். பளை, இயக்கச்சி, ஆனையிறவு, பரந்தன் என்று வவுனியா வரைக்கும்.

இயர்போனைப் போட்டுக் கேட்டேன். என் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கரகரப்பு, ஒரு இரைச்சல் இல்லை. ஆனையிறவில் நான் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது.

அதை இரண்டாம் முறை போட்டுக் கேட்டேன். பிறகு மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, குசினிக்குப் போய் அரிசி களைந்தேன். இவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று யோசித்தேன் என்றும் சொல்ல முடியாது. அந்த நேரம் ஒன்றும் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் இவர் பாடத்தைத் தொடங்க மடிக்கணினியைத் திறந்தபோது, கடைசியாகப் பதிந்தது எது என்று பார்த்திருக்கிறார். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். மூட்டை அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும் ஒருக்கா."

போனேன். இயர்போன் இவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உம்மட குரல் நல்லா விழுந்திருக்கு," என்றார்.

"சும்மா போட்டுப் பாத்தனான்."

"அப்ப லப்ரொப்பில பிழை ஒண்டும் இல்லை."

"இல்லை."

"மைக்கிலயும் இல்லை."

"இல்லை."

"இவ்வளவு மோசமாப் போச்சுதெண்டு நான் நினைக்கேல்லை," என்றார். பிறகு, "பிள்ளையளுக்கு விளங்கும்தானே?"

"விளங்கும். ஒரு சொல்லும் விடுபடேல்லை."

"அது காணும். நீர் பஸ்ஸை விட்டிடாதையும்."

நான் போய்விட்டேன். பின்னேரம் வந்தபோது இவர் பங்குடைமைக் கணக்குகளை முடித்திருந்தார். பாடத்திட்டத்தின் வரிசையையும் மாற்றியிருந்தார். கஷ்டமான பாடங்கள் முதலில், லேசானவை கடைசியில். குரல் நாளுக்கு நாள் குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்குத் தப்பவில்லை. கடைசியில் பதிந்த பாடங்கள் வெறும் மூச்சுத்தான். மைக்கை உதட்டுக்கு அருகில் கொண்டுபோனோம்.

ஒருநாள் நான் கேட்டேன், வீட்டுக்கென்றும் ஏதாவது பேசி வைக்கலாமே என்று.

"என்னத்தைச் சொல்ல?" என்றார். உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டார். "எனக்கு நடிக்கத் தெரியாதப்பா," என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். எனக்கு அது கொஞ்சம் மனத்தாங்கலாக இருந்தது. பிறகு வேலைகளில் மறந்துபோனது. கொழும்புக்குப் போவதற்கு முந்திய சனி ஞாயிறு மகள் வந்து நின்றாள். அப்பாவும் மகளும் மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் பதியவில்லை.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாக. முதல் முறை இவர் இருமியபோது சத்தம் கழுத்திலிருந்து வந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டேன். சொல்ல வேண்டியதை ஒரு சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவார். ஆசிரியர்களுக்கே உரிய எழுத்து. அவசரத்துக்குக்கூட எழுவாய் பயனிலையோடுதான் எழுதுவார். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்.' 'அந்த யன்னலை மூடவும்.'

வகுப்பு மறுபடி தொடங்கியபோது ஒலிபெருக்கிக்காரர் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து கொட்டிலில் வைத்துத் தந்தார். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். இவர் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டி, துளைக்கு மேலே மெல்லிய துணியொன்று கட்டியிருந்தார். நான் வாசலில் நின்றேன். பெட்டிக்குள்ளிருந்து இவருடைய குரல் தேய்மானத்தைத் தொடங்கியது. இவர் கரும்பலகையில் எழுதினார். தன் குரலுக்குத் தானே பின்னால் ஓடுகிற மாதிரி முதலில் தடுமாறினார். எழுதி முடிக்குமுன் குரல் அடுத்த வரிக்குப் போய்விடும். பிறகு பிடித்துக்கொண்டார்.

ஓர் இடத்தில் பெட்டி கேட்டது, "விளங்குதோ?"

"ஓம் சேர்," என்றது வகுப்பு முழுவதும். பழக்கத்தில் வந்ததுதான். சொன்ன பிறகு பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி சிரித்தாள். இவர் திரும்பி நின்று, சோக்குக் கையோடு தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு வகுப்பு வழக்கம் போல நடந்தது. சந்தேகம் வந்தால் கையை உயர்த்துவார்கள். இவர் குரலை நிறுத்திவிட்டுப் பலகையில் விடை எழுதுவார்.

மழை நாட்களில்தான் கஷ்டம். தகரத்தில் மழை விழுந்தால் முன்பு இவர் குரலை உயர்த்துவார். பெட்டியை உயர்த்தினால் அது கொரகொரவென்று உடைந்தது. அந்த நாட்களில் நிறுத்திவிட்டு, மழை விடும்வரை பலகையில் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

அது நடந்து ஒரு வருடத்துக்கும் மேலாகிறது. இடையில் கொழும்பில் இவருக்குப் பேசுவதற்கென்று தொண்டைக்குள்ளே சின்ன வால்வு ஒன்று வைத்தார்கள். கழுத்துத் துளையைப் பெருவிரலால் மூடிக்கொண்டு பேச வேண்டும். வருகிற குரல் தடித்தது, தாழ்ந்தது, ஒரே தட்டில் போவது. முதல் தடவை போனில் பேசியபோது எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் ஏதோ தானியங்கிச் செய்தி என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார். இவருக்குக் கடும் கோபம். அந்தக் கோபத்தையும் பெருவிரலால் மூடிக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது.

வகுப்பில் இப்போது பதிவுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மிச்சத்தைத் தானே பேசுகிறார். கடைசி வாங்குகளை எடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கிட்டக் கிட்ட இருத்தியிருக்கிறார்.

குரலைப் பழக்குவதற்குத் தினமும் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பேப்பரோடு குசினி வாசலில் கதிரை போட்டு இருந்துகொள்வார். அரசியல் செய்திகள் இவருக்கு ஒத்துவருவதில்லை, வசனங்கள் நீளம் என்பார். மரண அறிவித்தல்கள்தான் மூச்சுப் பயிற்சிக்குத் தோதானவை. பெயர், ஊர், பிறகு ஒரு சின்ன நிறுத்தம். நேற்றும் ஒன்றை வாசித்தார். இறந்தவர் எங்களுக்கு யாரென்றே தெரியாத ஒரு பெரிய குடும்பத்துக்காரர். பிள்ளைகளைக் கடந்து மருமக்களுக்கு வரும்போது மூச்சு முடிந்துவிட்டது. விரலை எடுத்து, மூச்செடுத்து, மருமக்களை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தேங்காய் திருவிக்கொண்டிருந்த திருவலையைக் கீழே வைத்துவிட்டு, பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.